ஜப்பானில் ரீகோல், பஞ்சிகாவத்தையில் பில்

2014 பெப்ரவரி 12, புதன்கிழமை. டொயோட்டா கம்பனி உலகம் முழுக்க 19 லட்சம் பிரியஸ் கார்களைத் திருத்தித் தருவதாகச் சொல்லித் திரும்ப அழைத்தது. ஜப்பானில் 9 லட்சத்து 97 ஆயிரம், வட அமெரிக்காவில் 7 லட்சத்து 13 ஆயிரம், ஐரோப்பாவில் 1 லட்சத்து 30 ஆயிரம் என்று கணக்கு வந்தது. அன்று காலி வீதியில், பம்பலப்பிட்டிச் சந்தி தொடக்கம் தெஹிவளைப் பாலம் வரைக்கும் நெரிசலில் நின்ற பிரியஸ்கள் இந்தக் கணக்கில் எங்கே இருந்தன? பெரும்பாலும் ஜப்பானின் பங்கில்தான். ஜப்பானில் விற்கப்பட்டு, அங்கே ஒருவர் ஓட்டி, ஏலத்தில் கைமாறி, கப்பலேறி இங்கே இறங்கிய ரீகண்டிஷன் கார்கள் அவை. ரீகோல் கடிதம் ஜப்பானில் இருந்த பழைய சொந்தக்காரரின் முகவரிக்குப் போயிருக்கலாம். வெள்ளவத்தைக்கு வரவில்லை.

கடிதம் வராததைக்கூட மன்னித்துவிடலாம். ரீகோல் அறிவிக்கும் முன்பே கார் பழுதாகி, கைக்காசு போட்டுத் திருத்தியவர் என்ன செய்வது? "குறை எங்களுடையதுதான்" என்று கம்பனியே பிறகு ஒப்புக்கொள்கிறது. அப்படியென்றால் அவர் கட்டிய காசு யாருடைய கணக்கு?

பிரியஸில் நடந்தது என்னவென்று முதலில் பார்ப்போம். சேசி நம்பர் 'இசட்.வி.டபிள்யூ.30' என்று தொடங்கும் மூன்றாம் தலைமுறைப் பிரியஸில், பின்னால் இருக்கும் பெரிய பற்றரி தருவது 201.6 வோல்ட். மோட்டரைச் சுழற்ற அது 650 வோல்ட் வரை ஏற்றப்படுகிறது. பொனட்டைத் திறந்தால் தெரியும் வெள்ளிநிறப் பெட்டி, இன்வேட்டர், இந்த வேலையைச் செய்கிறது. அதற்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள், அக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும் நேரங்களில் அளவுக்கு மிஞ்சிச் சூடேறும்படி மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. சூடேறி ஆறி, சூடேறி ஆறி, ஒரு நாள் டிரான்சிஸ்டர் உருக்குலையும். டாஷ்போர்டில் விளக்குகள் எரியும், கார் இழுவை குறைந்து ஊரும். சில வேளை நடுவீதியில் நின்றேவிடும். அறிவிப்பு வந்தபோது இப்படி 400க்கு மேற்பட்ட முறைப்பாடுகள் கம்பனியிடம் சேர்ந்திருந்தன. பரிகாரமாகச் சொன்னது மென்பொருள் மாற்றம். பழுதாகிப்போன இன்வேட்டருக்கு இலவசமாக வேறொன்று.

கொழும்பில் இந்த இனத்துப் பழுது எப்படிக் கையாளப்படுகிறது என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். என் உறவினர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், வெள்ளவத்தை ஹம்டன் ஒழுங்கைப் பக்கம் இருக்கிறார். அவருடையது எந்தக் கம்பனிக் கார் என்பது இங்கே வேண்டாம். ஹைபிரிட் என்றால் போதும். சந்தைக்கு முன்னால் கார் நின்றுவிட்டது. ஓட்டோக்காரர் இரண்டு பேர் தள்ளி ஓரம் கட்டினார்கள். பிறகு இழுத்துக்கொண்டு போனது கொட்டாஞ்சேனைக்கு. ஜம்பட்டா வீதியில் இருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றில், மூன்று கார் நிற்கக் கூடிய கராஜ். பையன் ஸ்கேன் பண்ணினான், பாஸ் எட்டிப் பார்த்தார்.

"ஐயா, போர்ட் போயிருச்சு. புதுசு போட்டா கட்டுபடியாகாது. பஞ்சிகாவத்தைக் கடையில யூஸ்ட் ஒன்னு பார்ப்போம். ஒரு கிழமை செக்கிங் வொரண்டி தருவாங்க."

"உது கொம்பனிப் பிழையோ தம்பி, நான் ஓடின பிழையோ?"

"கூலன்ட் பார்க்காம ஓடியிருப்பீங்க."

அவர் பாடசாலையில் முப்பது வருடம் வரவுப் பதிவேடு எழுதியவர். கூலன்ட் மாற்றிய திகதியெல்லாம் டயறியில் இருந்தது. இருந்தும் பேசாமல் இருந்துவிட்டார். ஒன்றரை லட்சத்துக்கு மேல் போனது. கையில் வந்த பற்றுச்சீட்டைப் பிறகு நான் வாங்கிப் பார்த்தேன். சி.ஆர். கொப்பியில் இருந்து கிழித்த அரைப் பக்கம். 'போர்ட் 1', அதன் கீழே 'கூலி', அதன் கீழே கோடு போட்டு மொத்தம். கார் நம்பர் இல்லை, சேசி நம்பர் இல்லை, கராஜின் பெயரும் இல்லை. கையெழுத்து என்று ஒரு சுழி. பழைய போர்ட் எங்கே என்று கேட்டதற்கு, அது கராஜிலேயே நின்றுவிட்டது என்றார். திருத்துபவர்கள் அதற்கும் விலை கொடுப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

சில காலம் கழித்து அமெரிக்காவில் இருக்கும் மருமகன் தொலைபேசியில் கதைக்கும்போது, தன்னிடம் இருக்கும் அதே மாடலுக்கு ரீகோல் கடிதம் வந்திருக்கிறது என்றார். அதே போர்ட். அந்தக் கடிதத்தின் பின்பகுதியில் ஒரு பந்தி. ஏற்கெனவே இந்தக் குறைக்காகக் காசு கட்டித் திருத்தியிருந்தால், திருத்திய விபரம், காசு கட்டியதற்கான சான்று, கார் உங்களுடையது என்பதற்கான சான்று ஆகியவற்றை அனுப்பினால் பணத்தைத் திருப்பித் தருவது பற்றிப் பரிசீலிப்போம் என்று. மருமகனின் காருக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமனாரின் கார்தான் நின்றது.

அந்தப் பந்தி கம்பனியின் பெருந்தன்மையால் வந்ததல்ல. அதற்குப் பின்னால் டயர்க் கதை ஒன்று இருக்கிறது.

2000ஆம் ஆண்டு ஓகஸ்டில் ஃபயர்ஸ்டோன் கம்பனி அமெரிக்காவில் 65 லட்சம் டயர்களைத் திரும்ப அழைத்தது. பெரும்பாலும் ஃபோர்ட் எக்ஸ்புளோரர் ஜீப்புகளில் பூட்டியவை. ஓடும்போது டயரின் மேல்தோல் உரிந்து வண்டி குடைசாய்ந்தது. அமெரிக்காவில் மட்டும் 270க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அத்தனை டயர் உடனே கிடைக்காததால் கம்பனி ஒரு வரிசை போட்டது. அரிசோனா, கலிபோர்னியா, புளோரிடா, டெக்சாஸ் போன்ற வெப்ப மாநிலங்களுக்கு முதலில், மற்றவர்களுக்குப் பிறகு. பிறகு என்றால் எப்போது? பிள்ளைகளை ஏற்றி ஓடுகிறவர்கள் காத்திருப்பார்களா? சொந்தக் காசில் வேறு கம்பனி டயர் வாங்கிப் பூட்டினார்கள். கூச்சல் பெரிதானதும், ஒரு டயருக்கு 100 டொலர் வரை திருப்பித் தருவதாக ஃபயர்ஸ்டோன் சொன்னது.

அதோடு இன்னொன்றும் வெளியே வந்தது. அமெரிக்காவில் வாயைத் திறக்கும் முன்பே ஃபோர்ட் கம்பனி சவூதி அரேபியாவிலும், பிறகு மலேசியா, தாய்லாந்து, வெனிசுவேலாவிலும் இதே டயர்களை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அமெரிக்க அரசுக்குச் சொல்லவில்லை. காங்கிரஸ் கொதித்தது. அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் திகதி 'டிரெட்' சட்டத்தில் ஜனாதிபதி கிளின்டன் கையொப்பமிட்டார். வெளிநாட்டில் ரீகோல் செய்தால் அமெரிக்காவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. ஐந்து வேலை நாள் அவகாசம். ரீகோலுக்கு முன்பே சொந்தக் காசில் திருத்தியவருக்குப் பணம் திருப்பிக் கொடுக்கும் திட்டம் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று.

இரண்டையும் சேர்த்து வாசித்தால் கொழும்புக்காரருக்கு ஒரு சிரிப்பு வரும். கொழும்பில் ரீகோல் செய்தால் வொஷிங்டனுக்கு ஐந்து நாளில் தெரிந்துவிடும். வொஷிங்டனில் செய்தால் கொழும்புக்குச் சொல்லும்படி யாருக்கும் சட்டம் இல்லை.

அமெரிக்க விதி நுணுக்கமாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. எந்தக் காலத்துப் பற்றுச்சீட்டு செல்லும் என்பதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். அரசு பொறியியல் ஆய்வைத் தொடங்கிய நாளா, கம்பனி குறையை அறிவித்த நாளுக்கு ஒரு வருடம் முந்திய நாளா, இரண்டில் எது முந்தியதோ அன்று தொடங்கும். சொந்தக்காரர்களுக்கு அனுப்பிய கடைசிக் கடிதம் தபாலில் சேர்ந்து பத்து நாளாவது ஆகும்வரை அது நீள வேண்டும். கோரிக்கை கிடைத்து 60 நாளுக்குள் கம்பனி முடிவு சொல்ல வேண்டும். இல்லை என்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். கம்பனி முகவரிடம் திருத்தியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, தெருமுனைக் கராஜ் பற்றுச்சீட்டும் செல்லும். ஆனால் உதிரிப்பாகத்துக்குக் கம்பனியின் சில்லறை விலை வரைதான், கூலிக்கு அந்தப் பகுதியின் வழமையான விகிதம்தான். காரை இழுத்த கூலி, இடையில் பிடித்த வாடகைக் கார் எல்லாம் கம்பனி விரும்பினால் தரலாம். வொரண்டி இருந்த காலத்தில் இலவசமாகச் செய்திருக்கக் கூடியதை வெளியில் செய்தால் மறுக்கவும் இடமுண்டு; முகவரே அன்று கைவிரித்திருந்தால் மறுக்க முடியாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. பணம் போவது திருத்திய நாளில் யார் சொந்தக்காரரோ அவருக்கு. காரை விற்றுவிட்டாலும் பரவாயில்லை. இதைக் கொழும்பில் நினைத்துப் பாருங்கள். 'ஓபன் பேப்பர்' என்று, மாற்றப் படிவத்தில் கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்து, பெயர் மாற்றாமலே இரண்டு மூன்று கை மாறும் கார்கள் இங்கே எத்தனை! லீசிங்கில் ஓடும் காருக்கு முற்றான உரிமையாளர் லீசிங் கம்பனி. திருத்திய நாளில் கார் தன்னுடையது என்று நிரூபிக்க முடியாதவர்கள் பலர் இருப்பார்கள்.

பிரியஸ் கதை 2014இல் முடிந்துவிடவும் இல்லை. கலிபோர்னியாவில் டொயோட்டா கார்களையே விற்கும் முகவர் ரோஜர் ஹோகன், மென்பொருளை மாற்றிய பிறகும் இன்வேட்டர்கள் போகின்றன என்று சொல்லி, தன்னிடம் வந்த பழைய பிரியஸ்களை விற்க மறுத்தார். கம்பனி மீது வழக்கும் போட்டார். கம்பனி அவர் சொன்னதை ஏற்கவில்லை. ஆனால் 2018 ஒக்டோபர் 5ஆம் திகதி, 2008 ஒக்டோபருக்கும் 2014 நவம்பருக்கும் இடையில் செய்த 24 லட்சத்துக்கு மேற்பட்ட பிரியஸ், ஓரிஸ் கார்களுக்கு மறுபடி ரீகோல் வந்தது. பழுதானால் மெதுவாக ஓடும் நிலைக்குப் போக வேண்டிய கார், போகாமல் அப்படியே நின்றுவிடக்கூடும் என்பது இந்த முறை சொன்ன குறை. ஜப்பானில் மட்டும் 12 லட்சத்து 50 ஆயிரம். 2020 ஜூனில் இன்னொரு 7 லட்சத்து 52 ஆயிரம். ஆகவே ரீகோல் ஒரு தடவை வந்து போனதும் பற்றுச்சீட்டைக் கிழித்து எறிவது புத்தியில்லை.

டொயோட்டாவை மட்டும் சொல்வதும் நியாயமில்லை. கொழும்பில் 'ஜி.பி. ஃபைவ்' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஹொண்டா ஃபிட் ஹைபிரிட். 2013 செப்டெம்பரில் ஜப்பானில் சந்தைக்கு வந்த அந்தக் காருக்கு அடுத்த ஆண்டு ஒக்டோபருக்குள் ஐந்து ரீகோல். கியர்பெட்டியை ஆட்டிவைக்கும் மென்பொருள் முதல் இக்னிஷன் கொயில் வரை. ஐந்தாவதில் ஹொண்டாவின் வெசலும் சேர்ந்து 4 லட்சத்து 25 ஆயிரத்துக்கு மேற்பட்ட கார்கள். கம்பனித் தலைவர் தகனோபு இத்தோ தன் சம்பளத்தில் மூன்று மாதத்துக்கு 20 வீதத்தை விட்டுக்கொடுத்தார். அந்தக் கார்கள் ஒன்று இரண்டு வருடத்தில் இங்கே வந்தன. கப்பலேறும் முன் ஐந்தும் செய்யப்பட்டனவா, மூன்றா, ஒன்றுமே இல்லையா? வாங்கியவர் கேட்டது ஏலத் தாளில் இருந்த தரத்தை. நாலரையா, நாலா என்று.

கேட்காமலே பார்க்க ஒரு வழி உண்டு. ஜப்பானில் ரீகோல் வேலை முடிந்த காருக்கு, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் சட்டத்தில், கதவுப் பூட்டு வந்து கொளுவும் கொக்கிக்குப் பக்கத்தில், சின்ன ஸ்டிக்கர் ஒன்று ஒட்டுவது வழக்கம். அதில் அந்த ரீகோலின் இலக்கம் இருக்கும். இலங்கையில் எத்தனையோ பேர் தினமும் நாலு தடவை அதைத் தாண்டி ஏறி இறங்குகிறார்கள், அது என்னவென்று கேட்டதில்லை. ஸ்டிக்கர் இல்லாவிட்டால் வேலை நடக்கவில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. கழுவி மினுக்கும்போது போயிருக்கலாம், எல்லாக் குறைக்கும் ஒட்டுவதும் இல்லை. உறுதியாகத் தெரிய சேசி நம்பர்தான் வேண்டும். பதிவுச் சான்றிதழில் அது இருக்கிறது. டொயோட்டா, ஹொண்டா, நிசான், சுசுகி எல்லாருடைய ஜப்பானியத் தளங்களிலும் அந்த நம்பரை இட்டால் என்ன நிலுவையில் இருக்கிறது என்று காட்டும். ஜப்பானிய மொழியில்தான். இப்போது தொலைபேசியே மொழிபெயர்க்கிறது என்பதால் அது பெரிய தடை அல்ல. அமெரிக்க அரசின் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று திருப்தியடைகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அது 17 இலக்க நம்பருக்கானது. ஜப்பான் உள்நாட்டுக் காரின் சேசி நம்பரை அதற்குத் தெரியாது.

"கூலன்ட் பார்க்காம ஓடியிருப்பீங்க" என்ற அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். பழுதுக்கு முதல் குற்றவாளி ஓட்டியவர்தான் என்பது கொட்டாஞ்சேனைக் கராஜில் மட்டும் உள்ள வழக்கம் இல்லை. 2002 ஜனவரியில் ஜப்பானின் யொகொஹாமாவில் மிட்சுபிஷி லொறி ஒன்றின் சில்லுக் கழன்று உருண்டு, நடைபாதையில் பிள்ளைகளோடு போன இளம் தாயைக் கொன்றது. பராமரிப்புப் போதாது என்று கம்பனி சொன்னது. 2004இல்தான், சில்லுப் பூட்டும் 'ஹப்' பாகத்தின் வடிவமைப்பிலேயே குறை என்று ஒப்புக்கொண்டு ரீகோல் செய்தது. அதற்கும் முன்பு, 2000ஆம் ஆண்டு, போக்குவரத்து அமைச்சின் அதிகாரிகள் சோதனைக்குப் போனபோது, மிட்சுபிஷிக்கு வந்த வாடிக்கையாளர் முறைப்பாடுகள் ஊழியர் உடைமாற்றும் அறை அலுமாரியில் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ 1977 தொடக்கம் அந்த ஒளிப்பு நடந்திருந்தது. ரீகோல் அறிவிக்காமல், வந்து சத்தம் போட்டவரின் காரை மட்டும் சத்தமில்லாமல் திருத்திக் கொடுப்பது. சத்தம் போடாதவர் தன் செலவில் திருத்திக்கொண்டார். அந்தக் காலத்து லான்சர்கள் கொழும்பில் இன்னும் ஓடுகின்றன.

சரி, நம் ஊர்ச் சட்டம் என்ன தருகிறது? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். பொருள் உத்தரவாதத்துக்கு ஏற்றதாக இல்லை என்று கண்டால் இழப்பீடு, மாற்றுப் பொருள், பணம் திருப்பித் தருதல் எதற்கும் அதிகார சபை கட்டளையிடலாம். ஆனால் 13ஆம் பிரிவில் ஒரு முட்டுக்கட்டை. முறைப்பாடு, பொருளை விற்று மூன்று மாதத்துக்குள் வர வேண்டும். ரீகோல் என்பது வருடக்கணக்கில் கழித்து வருவது. மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் 2009இல் வந்தது, முதல் இன்வேட்டர் ரீகோல் 2014இல். மூன்று மாதக் கதவு எப்போதோ சாத்தியாகிவிட்டது.

ஆனால் அந்த மூன்று மாதத்துக்கு யாரும் கவனிக்காத ஒரு பயன் இருக்கிறது. பஞ்சிகாவத்தையில் வாங்கிய யூஸ்ட் போர்ட்டும் ஒரு விற்பனைதான். கடைக்காரர் தருவது ஒரு கிழமைச் செக்கிங் வொரண்டி; முறைப்பாடு செய்யச் சட்டம் தருவது மூன்று மாதம். எட்டாம் நாள் போர்ட் போனால் தலையில் கைவைத்துக்கொண்டு திரும்பி வரத் தேவையில்லை. பற்றுச்சீட்டு இருந்தால் மட்டும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது.

நீதிமன்றம் போவதென்றால் 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் வரும். வழக்குப் போடும் காலத்தை வேறொரு பழைய கட்டளைச் சட்டம் தீர்மானிக்கும்: எழுத்தில் உள்ள வாக்குறுதிக்கு 6 வருடம், வாய்ப்பேச்சுக்கு 3. யார் மேல் வழக்கு என்பதுதான் சிக்கல். காரை விற்ற இறக்குமதியாளருக்கும் ஜப்பான் கம்பனிக்கும் ஒப்பந்தம் இல்லை, ஏலத்தில் எடுத்தவர் அவர். கொழும்பில் இருக்கும் கம்பனி முகவர் அந்தக் காரை விற்கவே இல்லை. 1951இல் எழுதிய மோட்டார் வாகனச் சட்டம் ரீகோலை மனதில் வைத்து எழுதப்பட்டதும் அல்ல. என் உறவினர் கடைசியில் முகவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நல்ல பதில்தான் வந்தது: காரைக் கொண்டுவந்தால் ரீகோல் வேலையை இலவசமாகச் செய்து தருவோம், வெளியில் செலவழித்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை. அரைவாசி வென்றுவிட்டதாக நான் சொன்னேன். "அரைவாசி இல்லை, காப்பங்கு" என்றார் கணக்கு வாத்தியார்.

அயலில் இந்தியா கொஞ்சம் முன்னுக்குப் போயிருக்கிறது, முழுக்க அல்ல. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, அரசே ரீகோலுக்கு உத்தரவிடலாம் என்கிறது. காரின் முழு விலையைத் திருப்பிக் கொடு, அல்லது வேறு கார் கொடு, அல்லது திருத்திக் கொடு. கைக்காசு போட்டு ஏற்கெனவே திருத்தியவரைப் பற்றி அங்கேயும் தனியாக ஒன்றும் எழுதவில்லை.

கொழும்பில் இதைச் சரிசெய்ய புதிய அதிகார சபை எதுவும் தேவையில்லை, ஏற்கெனவே நடக்கும் சோதனைகளே போதும் என்பது என் எண்ணம். ஜப்பானில் 2018 மே முதல், வெடிக்கும் அபாயமுள்ள தகாட்டா எயர்பேக்கை மாற்றாத கார்களுக்கு வாகனப் பரிசோதனையில் சித்தி கொடுப்பதில்லை. தகாட்டா எயர்பேக்கின் உள்ளே இருக்கும் இரசாயனம் வெப்பத்திலும் ஈரப்பதனிலும் ஆண்டுக்கணக்கில் கெட்டு, மோதலில் உலோகத் துண்டுகளை முகத்தில் வீசுகிறது. அமெரிக்காவில் ஈர வெப்ப மாநிலங்களை முதல் அபாய வலயம் என்று பிரித்தார்கள். 2014இல் மலேசியாவின் சரவாக்கில் ஒரு கர்ப்பிணிப் பெண் அப்படித் தெறித்த துண்டால் இறந்தார். கொழும்பு மரைன் டிரைவில் வருடம் முழுக்க அடிக்கும் வெயிலும் உப்புக் காற்றும் எந்த வலயம் என்று யாரும் வரைபடம் போட்டுத் தரத் தேவையில்லை.

இங்கே ஒவ்வொரு காரும் வருடத்துக்கு ஒருமுறை ஒரு கருமபீடத்துக்கு வருகிறது. காப்புறுதியும் புகைச் சான்றிதழும் இருந்தால்தான் வாகன வருமான அனுமதிப் பத்திரம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டில் ஒவ்வொரு சேசி நம்பரும், அதன் பக்கத்தில் ஒரு முகவரியும் இருக்கின்றன. ஜப்பானிய ரீகோல் பட்டியல் பகிரங்கமானது. இரண்டையும் ஒட்டிப் பார்த்து, 'உங்கள் காருக்கு நிலுவையில் ரீகோல் உள்ளது' என்று அனுமதிப் பத்திரத்தோடு ஒரு துண்டு கொடுப்பது பெரிய வித்தையா? புகை பார்க்கிறோம், உயிர் பார்ப்பதில்லை. பணம் திரும்பக் கிடைப்பது இரண்டாவது படி. அதற்கு முகவர்களுக்கு ஒரு விதி போதும்: இங்கே ஒரு ரீகோல் வேலையைச் செய்வதானால், அதே வேலையைச் சொந்தக் காசில் முன்பே செய்தவரின் கோரிக்கையையும் ஏற்றுத் தாய்க் கம்பனிக்கு அனுப்ப வேண்டும், பதிலை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

அதுவரைக்கும் சொந்தக்காரர் தன் கையில் உள்ளதைச் செய்துகொள்ள வேண்டியதுதான். கராஜில் பில் எழுதும்போது பக்கத்தில் நின்று, திகதி, கார் நம்பர், சேசி நம்பர், கிலோமீற்றர், ஸ்கேனில் வந்த குறியீடு எல்லாவற்றையும் எழுதுவிக்க வேண்டும். 'போர்ட்' என்று எழுத விடக்கூடாது. எந்தப் பாகம், புதிதா யூஸ்டா, பாகத்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு. பாஸ் முறைப்பார். முறைத்தால் முறைக்கட்டும், வற் வரிக்காகக் கேட்கவில்லை என்று சொன்னால் எழுதித் தருவார். ஸ்கேன் திரையைத் தொலைபேசியில் படம் எடுக்கலாம். காசை வங்கி மூலம் மாற்றினால் அதுவே சான்று. கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரி 1ஆம் திகதி முதல் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது. இடையில் டொலர் 200 ரூபாவில் இருந்து 360ஐத் தாண்டிய 2022ஐயும் பார்த்தோம். அந்த நாட்களில் உள்ள காரை எப்படியாவது ஓடவைப்பதே பாடாக இருந்தது. இப்போது கார் சேல்களில் மறுபடி ஹைபிரிட்டுகள் வரிசையாக நிற்கின்றன. முற்பணம் கட்டும் முன் சேசி நம்பரை வாங்கி ஜப்பானியத் தளத்தில் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பிறகு விற்பனைப் பற்றுச்சீட்டில் ஒரு வரி எழுதச் சொல்லலாம்: இந்தச் சேசி நம்பருக்கு இன்றைய திகதியில் நிலுவையில் ரீகோல் எதுவும் இல்லை என்று. கையொப்பம் போட்டுக் கொடுத்தால் அது எழுத்தில் உள்ள வாக்குறுதி, 6 வருடக் கணக்குக்குள் வரும். எழுத மாட்டோம் என்றால், விலை பேசும்போது அதையும் சேர்த்துப் பேசலாம்.